ஆடுகளமும் அன்னை தந்தையும்

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர், வகுப்புத் தோழியர் சார்பில் எழுதியது)

முன்னுரை

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. உடல் என்னும் சுவர் உறுதியாக இருந்தால்தான் கல்வி, கலை, பண்பு ஆகிய சித்திரங்களை அதன்மேல் தீட்ட இயலும். அச்சுவரை உறுதியாக்குவதில் விளையாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை யாவரும் ஒப்புக்கொள்வர். ஆனால் ஆடுகளத்திற்குச் செல்லும் மகளுக்கு எதிர்பாராத உடல்நலக் குறைவு ஒன்று வந்துவிட்டால் வீட்டில் என்ன நடக்கிறது? பெற்றோர் அவளுக்கு எவ்வாறு துணை நிற்கலாம்?

குழந்தைப் பருவத்தைக் கடந்தும் பெரியவர்களாகாமலும் நடுவில் நிற்கும் மாணவியராகிய நாங்கள், வீட்டில் நேருக்கு நேர் சொல்லக் கூச்சப்படும் சில செய்திகளை இவ்வாண்டு மலரின் வாயிலாகச் சொல்ல விரும்புகிறோம். மருத்துவரின் இடத்தில் அமர்ந்துகொண்டு நாங்கள் எதையும் எழுதவில்லை. மருத்துவரிடம் எப்போது செல்ல வேண்டும், சென்று திரும்பிய பின் மகளிடம் என்ன சொல்ல வேண்டும் என்பவற்றையே இக்கட்டுரையில் ஆராய்ந்துள்ளோம்.

விளையாட்டு ஏன் வேண்டும்?

மாலை நேரத்தில் தியாகராய நகர் சோமசுந்தரம் மைதானத்தின் பக்கம் சென்று பாருங்கள். பெசன்ட் நகர்க் கடற்கரைக்கும் சென்று பாருங்கள். பந்து உதைக்கும் பையன்கள் கூட்டம் கூட்டமாக இருப்பார்கள். எங்கள் வயதுப் பெண்களையோ விரல்விட்டு எண்ணிவிடலாம். இது நம் நகரின் குறை மட்டுமன்று. 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமாவது உடல் வியர்க்க ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அந்நிறுவனத்தார் 146 நாடுகளின் கணக்கை ஆராய்ந்து 2019-ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவின்படி, 11 முதல் 17 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 85 பேர் அந்த அளவை எட்டவில்லை. பையன்களில் நூற்றுக்கு 78 பேர் எட்டவில்லை.

ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையிலேயே, "இந்த ஒரு வருஷம் விளையாட்டு வேண்டாம், அரசுத் தேர்வு இருக்கிறது" என்ற சொல் பல வீடுகளில் கேட்கிறது. பெற்றோரின் கவலை எங்களுக்குப் புரியாமல் இல்லை. எனினும் ஓடி ஆடிவிட்டு வந்த பெண் நன்றாக உறங்குகிறாள். நன்றாக உறங்கிய பெண்ணுக்குப் படித்தது மனத்தில் நிற்கிறது. நம் சென்னையில் பிறந்து, கூடைப்பந்து ஆடி, இந்திய மகளிர் அணிக்கே தலைவியாக விளங்கிய அனிதா பால்துரை அவர்களுக்கு 2021-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஆடுகளத்தில் நிற்கும் பெண்ணை நாடு மதிக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மகள் ஏன் மறைக்கிறாள்?

இக்கட்டுரையின் உயிர்நாடியான செய்தி இதுவே. விளையாடும் பெண்கள் பலர் தங்கள் உடல்நலக் குறைவை வீட்டில் சொல்வதில்லை. "எங்கள் பெண் எதையும் மறைக்க மாட்டாள்" என்று பெற்றோர் நினைக்கலாம். ஆனால், சொன்னால் முதலில் நிறுத்தப்படுவது விளையாட்டு. டியூஷன் நிற்காது, பாட்டு வகுப்பு நிற்காது, விளையாட்டு மட்டும் அன்றைக்கே நின்றுவிடும். அண்ணன் கிரிக்கெட் ஆடிக் கையை முறித்துக்கொண்டு வந்தால், "ஆண்பிள்ளை, ஆறு வாரத்தில் சரியாகிவிடும்" என்பார்கள். தங்கை முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தாலோ, "தழும்பு விழுந்தால் நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள்?" என்பார்கள். இந்த வேறுபாட்டைக் கண்டு வளர்ந்த பெண், வலியை விழுங்கக் கற்றுக்கொள்கிறாள்.

எங்கள் தோழி ஒருத்தி கூடைப்பந்து அணியில் ஆடுபவள். மயிலாப்பூரில் வீடு. பாரதியார் நாள் விளையாட்டுப் போட்டிகளுக்காகப் பயிற்சி நடந்துகொண்டிருந்த சமயம், ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே அவளுக்கு மூச்சு வாங்கியது, கால்கள் கனத்தன. இரண்டு மாதம் அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஒருநாள் இரண்டு மாடி ஏற முடியாமல் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டதை அவளுடைய பாட்டி பார்த்துவிட்டார். மருத்துவர் இரத்தத்தைப் பரிசோதித்ததில் ஹீமோகுளோபின் 8.4 கிராம்தான் இருந்தது. "ஏண்டி முன்பே சொல்லவில்லை?" என்று தாயார் கேட்டார். "சொன்னால் டீமை விட்டு நிறுத்திவிடுவாயே அம்மா" என்றாள் அவள். தாயார் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "டாக்டர் என்றைக்கு ஆடலாம் என்கிறாரோ, அன்றைக்கு நானே உன்னைக் கொண்டுவந்து கிரவுண்டில் விடுகிறேன்" என்றார். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அவள் மாத்திரையை ஒருநாள்கூடத் தவறவிடவில்லை. அவ்வாண்டுப் போட்டிகள் அவளுக்குத் தவறிப்போயின. ஆனால் நான்கு மாதம் கழித்து மீண்டும் பந்தைக் கையில் எடுத்தாள்.

மருந்தின் பயனோடு தாயின் வாக்குறுதியின் பயனையும் நாங்கள் அன்று கண்டோம்.

இரத்தச் சோகை

எங்கள் தோழிக்கு வந்தது அரிய நோயன்று. 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தச் சோகை உள்ளது. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு உள்ளது. வகுப்பில் 40 பேர் இருந்தால் 20 பேருக்கு இக்குறை இருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்த்தால் திடுக்கிட வைக்கிறதன்றோ?

இரத்தத்தின் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் என்னும் பொருளே, நுரையீரலிலிருந்து உயிர்வளியைச் சுமந்து சென்று தசைகளுக்குத் தருகிறது. அது உருவாக இரும்புச் சத்து வேண்டும். வளரும் வயதில் உடலுக்கு இரும்பு அதிகம் தேவைப்படுகிறது. மாதவிடாயின்போது இரும்பு உடலை விட்டுச் செல்கிறது. இவற்றோடு விளையாட்டின் உழைப்பும் சேரும்போது, உணவில் இரும்பு போதாவிட்டால் பற்றாக்குறை ஏற்படுகிறது. எங்கள் வயதுப் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தச் சோகை எனப்படும்.

இதன் அறிகுறிகள் சோம்பலைப் போலவே தோற்றமளிக்கும். எளிதில் களைப்பு, மூச்சு வாங்குதல், படபடப்பு, தலைசுற்றல், பாடத்தில் மனம் செல்லாமை ஆகியவற்றைக் கண்டதும், "செல்போனைப் பார்த்துக்கொண்டு தூங்காமல் இருந்திருப்பாய்" என்று கடிந்துகொள்வது எளிது. சிலர் பச்சரிசியையும் பல்பத்தையும் ஐஸ் கட்டியையும் ஆசையோடு மென்று தின்பார்கள். அதைக் கெட்ட பழக்கம் என்று அடிக்க வேண்டாம். இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இப்பரிசோதனை செய்யப்படுகிறது. மருத்துவர் தரும் மாத்திரையை, உடல் தேறியதுபோல் தோன்றினாலும் அவர் சொல்லும் காலம் வரை உண்ண வேண்டும். உடலின் இரும்புச் சேமிப்பு நிரம்பப் பல வாரங்கள் ஆகும். பள்ளிகளில் வாரம் ஒருமுறை தரப்படும் இரும்புச் சத்து மாத்திரையைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வரும் தோழியரும் இதைக் கருத்தில் கொள்ள வேண்டுகிறோம்.

தாயின் சமையலறை

பி. டி. உஷா அவர்களை அறியாதார் யார்? 1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 55.42 விநாடியில் ஓடி முடித்தார். மூன்றாமிடம் பெற்றவரின் நேரமோ 55.41 விநாடி. விநாடியில் நூற்றில் ஒரு பங்கு! அங்கே தமக்குப் பழகிய உணவு கிடைக்காமல் கஞ்சியும் ஊறுகாயுமாக உண்ண நேர்ந்ததென்றும், கடைசி 35 மீட்டரில் சக்தி குறைந்ததற்கு அதுவே காரணம் என்றும் அவர் பிற்காலத்தில் ஒரு பேட்டியில் கூறியிருக்கிறார். உலகின் மிகச் சிறந்த வீராங்கனைக்கே உணவு இவ்வளவு முக்கியமென்றால், காலையில் ஒரு டம்ளர் காபியோடு பஸ் ஏறி, மாலை நான்கு மணிக்கு மைதானத்தில் ஓடும் பெண்ணின் நிலை என்ன?

விலையுயர்ந்த சத்து மாவு டப்பாக்களை நாங்கள் கேட்கவில்லை. முருங்கைக்கீரைப் பொரியல், கேழ்வரகுக் கூழ், பயறு வகைகள், முட்டை, மீன், ஆட்டு ஈரல் ஆகியவற்றில் அவரவர் வீட்டு வழக்கத்திற்கு ஏற்றதைச் செய்து தந்தால் போதும். நவராத்திரியில் ஒன்பது நாளும் செய்யும் சுண்டலை ஆண்டு முழுவதும் வாரம் இருமுறை செய்யலாம். அதன்மேல் எலுமிச்சம் பழம் பிழிந்தாலும், உணவோடு நெல்லிக்காயோ கொய்யாவோ உண்டாலும், தாவர உணவிலுள்ள இரும்பை உடல் நன்றாக ஏற்கும். காபியும் தேநீரும் அதைத் தடுக்கும். ஆகவே சாப்பிட்ட கையோடு பில்டர் காபி குடிக்கும் சென்னை வழக்கத்தை ஒரு மணி நேரமாவது தள்ளிவைப்பது நல்லது.

மற்றொன்றையும் தயக்கத்தோடு சொல்கிறோம். மாதவிடாய் நாட்களில் விளையாடக் கூடாது என்று ஒரு விதி மருத்துவத்தில் இல்லை. உடல் இடங்கொடுத்தால் ஆடலாம், இயலாதபோது ஓய்வெடுக்கலாம். ஆனால் கடும் பயிற்சி செய்யும் பெண் போதுமான உணவு உண்ணாவிட்டால் மாதவிடாயே நின்றுவிடுவதுண்டு. மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டால் மருத்துவரைக் காண வேண்டும். கவனியாது விட்டால் எலும்புகள் வலுவிழக்கும். இதை மகள் தானாகச் சொல்ல மாட்டாள். தாயார் இயல்பாகக் கேட்டால் சொல்லிவிடுவாள்.

மூச்சுத் திணறல்

மார்கழிப் பனியும் போகிப் பண்டிகையின் புகையும் சென்னைப் பிள்ளைகள் பலருக்கு இருமலைக் கொண்டுவருகின்றன. அவர்களுள் சிலருக்கு இருப்பது ஆஸ்துமா. ஓடத் தொடங்கிய சில நிமிடங்களிலோ ஓடி முடித்த பின்போ இருமலும் நெஞ்சு இறுக்கமும் விசில் போன்ற மூச்சொலியும் வந்தால் மருத்துவர் அதைக் கண்டறிய வேண்டும். "இன்ஹேலர் பழகிவிடும், கலியாணத்திற்குத் தடையாகும்" என்று அஞ்சி அதை ஒளித்து வைக்கும் வீடுகள் இன்றும் உண்டு. இன்ஹேலர் போதைப் பொருளன்று. மருந்து மிகச் சிறிய அளவில் நேரே நுரையீரலுக்குச் செல்வதால், விழுங்கும் மாத்திரையைவிடக் குறைந்த மருந்தே போதும்.

அமெரிக்க வீராங்கனை ஜாக்கி ஜாய்னர் கெர்சி ஆஸ்துமா உடையவர். 1988-ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில் ஏழு போட்டிகள் அடங்கிய ஹெப்டத்லானில் 7291 புள்ளிகள் பெற்றுத் தங்கம் வென்றார். அந்த உலக சாதனையை இன்னும் எவரும் முறியடிக்கவில்லை. ஆஸ்துமா உள்ள பெண் ஆட வேண்டுமானால், அவளுடைய பையில் இன்ஹேலர் இருக்க வேண்டும். உடற்பயிற்சி ஆசிரியைக்கும் செய்தி தெரிந்திருக்க வேண்டும்.

முழங்காலும் கட்டும்

கூடைப்பந்து, கால்பந்து, கைப்பந்து ஆகியவற்றில் துள்ளித் தரையிறங்கும்போதும் சட்டென்று திரும்பும்போதும் முழங்காலின் உள்ளே குறுக்காக அமைந்த தசைநார் கிழிவதுண்டு. ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இக்காயம் அதிகமாக ஏற்படுகிறது. முழங்காலில் "டப்" என்று ஓசை கேட்டுச் சில மணி நேரத்திற்குள் வீங்கினால் எலும்பு மருத்துவரிடம் செல்ல வேண்டும். சுளுக்கு என்று எண்ணி, எண்ணெய் தடவி இழுத்து நீவிவிடக் கூடாது. இக்காயத்தைப் பெரிதும் தடுக்கவும் வழியுண்டு. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு வகுத்துள்ள 20 நிமிட முன்பயிற்சி முறையில், முழங்கால் உட்புறம் மடங்காதபடி தரையிறங்கவும் சமநிலையில் நிற்கவும் கற்றுத் தருகிறார்கள். அதை ஒழுங்காகச் செய்யும் அணிகளில் காயங்கள் குறைந்திருக்கின்றன. "முன்பயிற்சி நேர விரயம்" என்று எண்ணும் தோழியருக்கு இது ஒரு பாடம்.

2022-ஆம் ஆண்டு நவம்பரில் நம் நகரையே கலங்கவைத்த நிகழ்ச்சியைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். மெரினாவுக்கு எதிரே உள்ள இராணி மேரிக் கல்லூரியில் படித்துவந்த 17 வயதுக் கால்பந்து வீராங்கனை ஒருவருக்கு முழங்கால் தசைநார்க் காயத்திற்காக அறுவைச் சிகிச்சை நடந்தது. அதன் பின் போடப்பட்ட இறுக்கமான கட்டினால் காலின் இரத்த ஓட்டம் தடைப்பட்டது. கால் அகற்றப்பட்டும் அவர் பிழைக்கவில்லை. நவம்பர் 15 அன்று காலமானார். மருத்துவக் கவனக்குறைவு நேர்ந்ததை அரசே ஒப்புக்கொண்டு நடவடிக்கை எடுத்தது. மாநில அளவில் ஆடிய ஒரு பெண்ணை நாம் இழந்தோம்.

அச்செய்தியைக் கேட்ட சில வீடுகளில், "இதற்குத்தான் விளையாட்டே வேண்டாம் என்கிறேன்" என்றார்கள். நாங்கள் அதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் வேறு. கட்டோ மாவுக்கட்டோ போட்ட பின் வலி குறையாமல் கூடிக்கொண்டே போனால், விரல்கள் மரத்துப்போனால், சில்லிட்டால், வெளுத்தோ நீலம் பாரித்தோ காணப்பட்டால், விரல்களை அசைக்க முடியாவிட்டால், விடியும்வரை காத்திருக்கலாகாது. அந்த நேரமே மருத்துவரிடம் காட்ட வேண்டும். "கட்டுப் போட்டால் வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கொள்" என்ற ஆறுதல் அவ்வேளையில் ஆபத்தாக முடியும். வலிக்கிறது என்று பெண் சொன்னால், அவள் சொல்லை நம்ப வேண்டும்.

இதயமும் வெயிலும்

இளம் வயதினருக்கு இதயக் கோளாறு வருவது அரிது. எனினும் சில அறிகுறிகளை அலட்சியம் செய்யலாகாது. ஓடும்போதே மயங்கி விழுதல், உழைக்கும்போது நெஞ்சுவலி, காரணமில்லாத படபடப்பு, குடும்பத்தில் யாரேனும் இளவயதில் திடீரென இறந்திருத்தல் ஆகியவற்றை மருத்துவரிடம் சொல்லி, இ.சி.ஜி. முதலிய பரிசோதனைகள் தேவையா என்று கேட்க வேண்டும். தொண்டைப் புண் வந்து இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலும், ஒரு மூட்டிலிருந்து மற்றொரு மூட்டுக்கு மாறும் வீக்கமும் வந்தால் அது கீல்வாதக் காய்ச்சலாக இருக்கலாம். பெரும்பாலும் 5 முதல் 15 வயது வரையுள்ளவர்களைத் தாக்கும் இந்நோய் இதயத்தின் வால்வுகளைக் கெடுக்கும். "வளருகிற வயசு, மூட்டு வலிக்கும்" என்று விட்டுவிடக் கூடாது.

இத்தாலி நாட்டில் 1982 முதல் போட்டி விளையாட்டில் சேருவோர்க்கு இ.சி.ஜி. உள்ளிட்ட பரிசோதனை சட்டப்படி கட்டாயமாக உள்ளது. டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் 2021 ஜூன் 12 அன்று ஆடிக்கொண்டிருந்தபோதே இதயம் நின்று விழுந்தார். மைதானத்திலேயே மார்பை அழுத்தி, மின் அதிர்வுக் கருவியைக் கொண்டு அவரைப் பிழைக்க வைத்தார்கள். எட்டு மாதம் கழித்து, உடலுக்குள் பொருத்திய கருவியுடன், மருத்துவர்களின் இசைவோடு மீண்டும் களம் புகுந்தார். ஆபத்து நேரத்தில் மார்பை அழுத்தி உயிர் காக்கும் முறையை ஆசிரியைகளும் மூத்த மாணவிகளும் கற்றுக்கொள்வது எவ்வளவு இன்றியமையாதது என்பதை இதனால் அறியலாம்.

சென்னையின் வெயிலும் ஓர் எதிரியே. கடற்கரை நகரமாதலால் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை எளிதில் உலராது. உலராததால் உடல் குளிராது. ஆகவே மற்ற ஊர்களைவிட வெயில் குறைவாகத் தோன்றினாலும் உடலின் சூடு ஏறிவிடும். தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வந்தால் ஆட்டத்தை நிறுத்தி, நிழலில் அமர்த்தி, ஈரத் துணியால் துடைத்து, தண்ணீரோ நீர்மோரோ சிறிது சிறிதாகத் தர வேண்டும். பேச்சுக் குழறினாலோ நினைவு தவறினாலோ வாயில் எதையும் ஊற்றாமல், உடலைக் குளிர்வித்துக்கொண்டே 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும்.

பள்ளியும் வீடும்

இந்தியப் பெண் மருத்துவர்களின் முன்னோடிகளுள் ஒருவரும், அடையாற்றில் 1954-இல் புற்றுநோய் நிலையத்தை நிறுவியவருமான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள், 1927-இல் சென்னை மாகாணச் சட்டசபையில் உறுப்பினரானார். அங்கே அவர் கொண்டுவந்த தீர்மானங்களுள் ஒன்று, பள்ளி மாணவ மாணவியருக்கு முறையான மருத்துவப் பரிசோதனை நடைபெற வேண்டும் என்பது. நோய் முற்றிய பின் மருந்து தேடுவதைவிட வகுப்பறையிலேயே அதைக் கண்டுபிடிப்பது எளிது என்பதை அவ்வம்மையார் அன்றே உணர்ந்திருந்தார். இக்காலத்தில் 2013 முதல் நடந்துவரும் தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ், பிறந்த குழந்தை முதல் 18 வயது வரையுள்ளவர்களை மருத்துவக் குழுவினர் பரிசோதிக்கின்றனர். அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் வருகின்றனர்.

ஆயினும் ஆண்டுக்கு ஒருமுறை வரும் மருத்துவர் காணாததை நாள்தோறும் காணும் தாய் காண முடியும். வீட்டில் காணாததை மைதானத்தில் நிற்கும் உடற்பயிற்சி ஆசிரியை காண முடியும். இவ்விருவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டால் எந்த நோயும் அதிக நாள் ஒளிந்திருக்க முடியாது. பெற்றோர் கூட்டத்தில் கணக்கு ஆசிரியையின் மேசை முன் நீண்ட வரிசை நிற்கிறது. உடற்பயிற்சி ஆசிரியையின் நாற்காலி முன்போ எவரும் நிற்பதில்லை. அங்கும் ஐந்து நிமிடம் நின்று, "எங்கள் பெண் எப்படி ஓடுகிறாள்? சீக்கிரம் களைக்கிறாளா?" என்று கேட்க வேண்டுகிறோம்.

பெற்றோருக்கு எங்கள் விண்ணப்பம்

1. "உடம்புக்கு முடியவில்லை" என்று மகள் சொன்னால், முதலில் முழுவதும் கேளுங்கள். திட்டுவதும் தீர்ப்புச் சொல்வதும் பிறகு இருக்கட்டும்.

2. "உண்மையைச் சொன்னதற்காக உன் விளையாட்டை நிறுத்த மாட்டோம்; மருத்துவர் சொல்லும் நாள்வரை மட்டும் ஓய்வு" என்று வாக்குக் கொடுங்கள். ஓய்வு முடிந்ததும் அவ்வாக்கைக் காப்பாற்றுங்கள்.

3. மருத்துவரிடம் பேசும்போது மகளையும் பேச விடுங்கள். வலி எங்கே, எப்போது என்பதை அவளே சொல்ல வேண்டும். "என்ன நோய்?" என்று கேட்பதோடு, "எப்போது மீண்டும் ஆடலாம்?" என்பதையும் மறவாமல் கேளுங்கள்.

4. அண்ணனுக்கு ஒரு நீதி, தங்கைக்கு ஒரு நீதி வேண்டாம். காயம் இருவருக்கும் ஒன்றே.

5. வெற்றிக்காக வலியை மறைக்கச் சொல்லும் பெற்றோரும் சிலர் உண்டு. அவர்களுக்கும் சொல்கிறோம்: கோப்பை அடுத்த ஆண்டும் வரும், முழங்கால் அப்படி வராது.

அமெரிக்காவில் 1940-ஆம் ஆண்டு ஏழைக் குடும்பத்தில் பிறந்த வில்மா ருடால்ஃப் என்னும் பெண்ணைப் பற்றி இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. குழந்தைப் பருவத்தில் இளம்பிள்ளை வாதத்தால் அவருடைய கால் பாதிக்கப்பட்டது. 22 பிள்ளைகள் கொண்ட அவ்வீட்டில் அவர் இருபதாவது பிள்ளை. கறுப்பின மக்களுக்குச் சிகிச்சை தரும் மருத்துவமனை சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. அவருடைய தாயார் வாரந்தோறும் பஸ்ஸில் மகளை அழைத்துச் சென்றார். வீட்டிலிருந்த அண்ணன்மாரும் அக்காமாரும் முறை வைத்து அவள் காலை நீவிவிட்டனர். இரும்புத் தாங்கி அணிந்து நடந்த அந்தச் சிறுமி, 1960-ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் 100 மீட்டர், 200 மீட்டர், தொடரோட்டம் ஆகிய மூன்றிலும் தங்கப் பதக்கம் வென்றாள். நோயைக் காரணம் காட்டி அவளை மூலையில் உட்கார வைத்திருந்தால் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்?

முடிவுரை

எல்லோரும் ஒலிம்பிக் செல்லப் போவதில்லை. எங்களில் பலர் பள்ளி அணியோடு நின்றுவிடுவோம். சிலர் ஆண்டு விளையாட்டு விழாவில் கயிறு இழுப்பதோடு நிற்போம். அதுவும் எங்களுக்குப் பெரிதே. உடலில் ஏதேனும் குறை தோன்றும்போது அதை மறைக்காமல் சொல்லும் துணிவு எங்களுக்கு வேண்டும். சொன்னால் எதையும் இழக்க மாட்டோம் என்ற நம்பிக்கையைத் தருவது பெற்றோரின் கையில் இருக்கிறது. தோழியரே, இன்று மாலை வீட்டிற்குச் சென்றதும், நெடுநாளாக மனத்தில் வைத்திருக்கும் அந்த வலியை அம்மாவிடம் சொல்லுங்கள். அன்புப் பெற்றோரே, சொல்ல வரும் மகளிடம், "மருத்துவரைப் பார்ப்போம், பிறகு மைதானத்திற்குப் போகலாம்" என்று கூறுங்கள்.

வருமுன் காப்போம், வந்ததை மறையோம், வாழ்வில் ஓடி ஆடி மகிழ்வோம்!